மருமகளின் கெச்சுவாவுக்கு நான் சொன்ன மறுமொழிகள்

மொன்ட்ரியால்-நோர்
செவ்வாய்க்கிழமை

பேரன்புக்குரிய மச்சான் அருமைராசாவுக்கு,

ஸ்காபரோவில் நீரும் குடும்பமும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எங்கள் சுகத்தை எழுத வேண்டிய இடத்தில் எழுத ஒன்றுமில்லாதபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை காரைக் கொண்டுவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகவும். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர். சிரித்து முடிய மிச்சத்தையும் வாசியும்.

மகன் டினோஜன் கட்டப்போகிற பிள்ளையின் பெயர் றோசா என்றதும், மன்னார்ப் பக்கத்துப் பிள்ளையாக்கும் என்று நினைத்துச் சம்மதித்தவன் நான். வந்து இறங்கியது பெரு நாட்டு மலைப்பக்கத்துப் பெண். எங்களைப்போல வேதக்காரி, ஞாயிறு பூசை தவறமாட்டாள், ஆனால் தாய்மொழி கெச்சுவா. அதில் பாதிச் சொல் என் காதில் தமிழாகத்தான் விழும், அங்கேதான் வந்தது வில்லங்கம். ஒருநாள் பால்கனியில் நின்று பியரைத் திறந்து, முதல் வாயை நிலத்தில் ஊற்றி, "பச்சமாமா" என்றாள். நான் பச்சைச் சுவெற்றர் போட்டிருந்தேன், என்னைத்தான் சொல்கிறாள் என்று "என்ன பிள்ளை" என்றேன். பியர் கீழ்வீட்டுக்காரரின் தலையில் ஒழுகி, அவர் ஏறிவந்து பிரெஞ்சில் ஏசியதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சான மெர்சியை, நன்றியை, சொல்லி அனுப்பினேன். பிறகு மகன், "அப்பா, அது பூமித் தாய். அவையின்ர பாஷையில மாமா எண்டா அம்மா" என்றான். அப்படியானால் இரண்டு வருஷமாக அவள் என்னை வாய்நிறைய மாமா என்று கூப்பிட்டது யாராக நினைத்தென்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இன்னொருநாள் பஸ்ஸில் போகும்போது ஊர் நடுவில் இருக்கிற மலையைக் கண்டு, தலையைச் சாய்த்து "அப்பு" என்றாள். கிழவனைத்தான் அப்பு என்கிறாள் என்று அதற்கும் நான்தான் "ஓம்" என்றேன். அப்பு என்றால் மலையில் குடியிருக்கிற தெய்வமாம்.

இனிச் சிரிக்க ஒன்றுமில்லை மச்சான். ஏழாம் மாதத்தில் அவளுடைய குழந்தை, பெண்பிள்ளை, மூச்சில்லாமல் பிறந்தது உமக்குத் தெரியும். கல்லறையில் சுவாமியார் செபம் சொல்லி முடிய, றோசா கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி சோளம் எடுத்துக் குழிக்குள் போட்டு, குப்புறக் குனிந்து மண்ணோடு ஏதோ கதைத்தாள். "பிள்ளையைக் கவனமாப் பாத்துக்கொள் எண்டு பூமித் தாயிட்டச் சொல்லுறாள்" என்றான் மகன். உம்முடைய தங்கச்சி செலீன் உயிரோடு இருந்திருந்தால் அவளைத் தூக்கி அணைத்திருப்பாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாளில் மகன் துறைமுகத்துக்குக் கொண்டெய்னர் லொறி ஓட்டத் திரும்பிவிட்டான். வீட்டில் அவளும் நானும். பிரெஞ்சும் இல்லை, தெரிந்த நாலு தமிழும் இல்லை, அவள் வாயே திறக்கவில்லை. போன வியாழன் மத்தியானம் நான் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு நிற்க, அறைக்குள்ளிருந்து "வாவா, வாவா" என்று சத்தம் வந்தது. அப்பாடா, பிள்ளை கூப்பிடுகிறாள் என்று ஓடினேன். கட்டிலடியில் நிலத்தில் இருந்தாள். நானும் முழங்கால் நோவோடு பக்கத்தில் இருந்து, "வந்திட்டன் பிள்ளை" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பவும் "வாவா" என்றாள். நானும் வந்திட்டன், வந்திட்டன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் தோளில் தலையை வைத்து, ஆஸ்பத்திரியில்கூட அழாத பிள்ளை, உடம்பு குலுங்க அழுதாள். பருப்புக் கருகிப் புகை அலாரம் அடித்தது, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினார், நாங்கள் எழும்பவில்லை.

பின்னேரம் மகனிடம் சொன்னேன். அவன் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் இருந்துவிட்டான்.

"அப்பா, வாவா எண்டா குழந்தை."

அவள் தன்னுடைய பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள் மச்சான். நானல்லவா வந்திட்டன் வந்திட்டன் என்று மறுமொழி சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அவளை நேரே பார்க்க எனக்குத் துணிவில்லை. அவள் குசினிக்குள் வந்தால் நான் பால்கனிக்குப் போகிறேன். அங்கே குளிர் எலும்புக்குள் ஏறுகிறது. ஆகவே சனிக்கிழமை தவறாமல் வாரும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உம்முடைய வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
ம. பத்திநாதர்

பி.கு.: உறையை ஒட்டமுன் றோசாவுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டுமே என்று பெட்டியைக் காட்டி "ஸ்காபரோ" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "அமா, அமா" என்றாள். இந்தியாக்காரர் சொல்கிற ஆமாவாக்கும், போகத்தான் சொல்கிறாள் என்று சேட்டுகளை மடித்து வைக்கத் தொடங்கினேன். நான் மடித்து வைக்க வைக்க, அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். அமா என்றால் என்னவென்று இந்தமுறை மகனைக் கேட்கவில்லை. நீர் வர வேண்டாம்.