குறுக்கலை வதைப் படலம்

மேற்கு மாம்பலத்துச் சந்தில் உதித்த கொற்றவனே, நாலரை ஆண்டு ஒரே ஆராய்ச்சியில் உட்கார்ந்து நாற்காலிச் சக்கரங்களைத் தேய்த்த தீரனே, ஸ்ரீனிவாசராகவனே! நின் புகழை யாம் பாடாவிட்டால் வேறு எவரும் பாடப்போவதில்லை. ஆகவே பாடுகிறோம், கேள்!

அடையாற்றுக் கல்லூரியொன்றில் அவன் வடித்த ஆயுதம், ஒரு முழ நீளச் செம்புத் தகடு. அதன் ஒரு முனையில் புகும் அலை, வரிசையாக வெட்டிய துளைகளின் வழியே ஒழுகிக்கொண்டே ஓடும். ஒழுகுவதையே தொழிலாகக் கொண்ட அந்த ஆன்டெனாவின் அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட, அதன் கதிர் பின்னாலிருந்து முன்னால்வரை வானத்தைத் துழாவி வரும். கணினிக்குள் அழகாகத்தான் துழாவியது. ஆனால் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டிய அலையில் ஒரு துளி, அழையாத விருந்தாளியாய்க் குறுக்கே படுத்துக்கொண்டு வருமே, அதுவல்லவா பகை! அந்தக் குறுக்கலை பிரதான அலைக்கு முப்பது டெசிபெல் கீழே அடங்கியதை அளந்து காட்டினாலன்றி ஆய்வேட்டில் கையெழுத்திடேன் என்று அவனுடைய ஆய்வு நெறியாளர், பேராசிரியை சூடாமணி சூளுரைத்திருந்தார். ஏட்டைக் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அளவெடுக்கும் அறை கிடைத்ததோ வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் மாலை ஐந்து வரை.

கருநுரைக் கூம்புகள் சுவரெங்கும் சிலிர்த்து நிற்கும் அந்த எதிரொலியற்ற குகைக்குள், தன் ஒரே தகட்டை ஏந்திப் பத்து இருபதுக்குப் புகுந்தான் வீரன். பத்தரைக்கு ராகு காலம்! மின்காந்தச் சமன்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் அந்த அறிவுக்கொழுந்து, ராகு பிறக்குமுன் முதல் அளவை எடுத்துவிடத் துடித்து, தகட்டைத் தாங்கியில் அவசர அவசரமாகத் திருகி மாட்டினான்.

"சார், மட்டம் வெச்சி பாத்துக்கலாம் சார்," என்றார் அறைப் பொறுப்பாளர் நஸ்ருன்னிசா, ரசமட்டத்தை நீட்டி.

"அதெல்லாம் நேராத்தான் இருக்கு மேடம். ஆன் பண்ணுங்கோ, நாழியாறது!"

ஆன் பண்ணினார். குறுக்கலை இருபத்திரண்டு டெசிபெல் கீழே நின்று பல்லிளித்தது.

முப்பது எங்கே, இருபத்திரண்டு எங்கே! கண் சிவந்தான், மீசையில்லாத இடத்தைத் தடவினான். "துளைதான் சதி பண்றது! இதை அறுக்காம விடமாட்டேன்!" என்று குகை அதிர முழங்கினான், அந்தக் குகையிலோ எதுவும் அதிராது. சவரப் பிளேடெனும் கூர்வாளை உருவி, துளை விளிம்புகளை ஒவ்வொன்றாகச் சீவினான். சீவினான், அளந்தான், இருபத்திரண்டு. மறுபடி சீவினான், மறுபடி இருபத்திரண்டு. சாப்பாட்டையும் மறந்து பதினேழு துளைகளையும் செதுக்கித் தீர்த்தான், அட மகாராசா! கதிர் துழாவுகிறதா என்று ஒருமுறையாவது பார்த்தானா? அதுதான் இல்லை.

நாலு மணிக்கு நஸ்ருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "காலைலேந்து சொல்லிக்கினு கீறேன், காதுலயே வாங்கலியே நீங்க. தகடு சாஞ்சிகினு கீது சார்!" என்று அவரே ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. சாய்வு நாலரை டிகிரி. தகடே சாய்ந்தால் நெட்டுக்குத்தான அலையில் ஒரு பங்கு குறுக்கலையாகத் தெரியாமல் என்ன செய்யும்? முதலாண்டுப் பாடம் அது. அதை நடத்தியவனே அவன்தான்.

நிமிர்த்தினார்கள். முப்பத்து நான்கு! "ஜெயித்தோம்! ஜெயித்தோம்!" என்று கொக்கரித்த வெற்றித்திருமகன், சூடாமணிக்குக் காட்ட அதிர்வெண்ணின் முழு வீச்சையும் ஓடவிட்டான். கதிர் பின்னாலிருந்து கம்பீரமாகக் கிளம்பி, படிப்படியாக ஏறி, நேர் உச்சிக்கு வந்ததும் செத்துப்போனது. எத்தனை முறை ஓடவிட்டாலும் அங்கேதான் செத்தது. பகை என்று அவன் நாளெல்லாம் அறுத்த துளைகளின் பழைய அளவுதான் அதை உச்சி தாண்ட வைத்திருந்தது. அவன் பிளேடைப் பார்த்தான், தகட்டைப் பார்த்தான். நஸ்ருன்னிசாவின் முகத்தைப் பார்க்க மட்டும் அந்த மாவீரனுக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் ஆறு மாத அவகாசம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தான்.