கயிறு இழுக்கும் கழகத்தில் ஓர் உடும்பு

ஒரு காட்டில் உடும்பு ஒன்று படித்துப் பட்டம் வாங்கியது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே ஈ ஓட்டத்தான் முடியும் என்று தெரிந்ததும், விசா எடுத்துக்கொண்டு வடக்கே வெகுதூரத்தில் இருந்த பனிக்காட்டுக்கு வேலைக்குப் போனது. அதன் பெயர் தணிகாசலம்.

பனிக்காட்டில் சம்பளம் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. பேசத்தான் ஆள் இல்லை. அந்த ஊர் விலங்குகள் எதிரே வந்தால் புன்னகைக்கும்; நின்று பேசாது. தணிகாசலத்திடம் வாய் திறந்து பேசிய ஒரே ஜீவன் அது குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட். "கதவு மூடுகிறது" என்று லிஃப்ட் சொல்லும். "சரிங்க" என்று உடும்பு சொல்லும். ஒரு வாரம் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது உடும்புக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் நூலக வாசலில் ஓர் அறிவிப்பைப் பார்த்தது. 'கயிறு இழுக்கும் கழகம். எல்லோரும் வரலாம். அனுபவம் தேவையில்லை. நட்பே முக்கியம்.' கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தது.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, பனிக்காட்டில் பல காலமாக இருக்கும் வீரபாகு என்ற கீரியிடம் போனது. வீரபாகுவும் தெற்கத்திக் காட்டிலிருந்து வந்ததுதான்.

"கயிறா? ஊர்ல நாம பாக்காத கயிறா தம்பி? நீங்க நம்ம சங்கத்துக்கு வாங்க. பொங்கலுக்குப் பொங்கல் கூடுறோம்."

"கூடி என்னண்ணே பண்ணுவீங்க?"

"போன பொங்கலுக்கு யாரு தலைவர்னு சண்டை வந்து ரெண்டாப் பிரிஞ்சிட்டோம். இந்தப் பொங்கலுக்கு அதப் பேசித் தீக்கணும்."

"விளையாட்டு எதுவும் கிடையாதா?"

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நமக்கு மேடை, மாலை, சாப்பாடு. ஆமா, ஊர்ல நீங்க ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது உடும்புக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பி, நேரே கழகத்துக்குப் போனது.

கழகத்தின் செயலாளர் ஒரு கலைமான். கனிவே உருவான கலைமான். விண்ணப்பத்தை நிரப்பும்போது ஓர் இடத்தில் உடும்பு தயங்கியது. 'அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' என்று கேட்டிருந்தது.

"எனக்கு இங்க யாரும் இல்லைங்க."

"காலியாக விட்டால் கணினி ஏற்காது," என்றது கலைமான், மிகவும் வருந்தி.

உடும்பு யோசித்து, லிஃப்ட் கம்பெனியின் உதவி எண்ணை எழுதியது. கணினி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது.

உடும்புப் பிடி என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கல்லூரி, கணினி என்று உட்கார்ந்தே வளர்ந்த உடும்புக்குப் பிடியாவது, மண்ணாவது. முதல் பயிற்சியில் இழுத்த இழுப்புக்கு அது குப்புற விழுந்தது. "அருமையான முயற்சி," என்றார்கள் எல்லோரும். அந்த ஊர் வழக்கில் அதற்கு 'நீ எதற்கும் உதவமாட்டாய்' என்று பொருள். அடுத்த வாரத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்கு ஆரஞ்சுச் சுளை நீட்டும் வேலை தணிகாசலத்துக்குக் கிடைத்தது.

கயிற்றின் கடைசியில் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவரைத்தான் அணியின் தூண் என்பார்கள். கழகத்தின் தூண் ஒரு கரடி. முதல் பனி விழுந்ததும் கரடி உறங்கப் போய்விடும். ஆண்டுதோறும் அது உறங்கப் போகும். ஆண்டுதோறும் கழகம் தோற்கும். ஆண்டுதோறும் கழகத்தார் இதை எதிர்பாராத விபத்து என்பார்கள். இந்த ஆண்டு வேறு ஆள் இல்லாததால் தணிகாசலத்தின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி நிறுத்தினார்கள். கையில்லாத மெல்லிய சீருடை. ஸ்வெட்டர் போட விதி இடம் தரவில்லை. எதிரணி ஓநாய்கள் வந்து சேர்வதற்குள் குளிரில் உடும்பு விறைத்துவிட்டது. நகங்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வாய் பாதி திறந்தபடி நின்றுபோனது.

ஓநாய்கள் இழுத்தன. மூச்சு வாங்கி மறுபடி இழுத்தன. உடும்பு அசையவில்லை. அசைய முடிந்தால்தானே. கடைசியில் ஓநாய்கள் கயிற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டன.

கழகம் முதல்முறையாகப் பனிக்காலத்தில் வென்றது. தணிகாசலத்தின் படம் அறிவிப்புப் பலகையில் ஏறியது. பிறகு எல்லோரும் கணப்பு எரியும் கழக அறைக்குள் சூப் குடிக்கப் போனார்கள். கலைமான் மட்டும் வாசலில் நின்று, "உள்ளே வருகிறீர்களா?" என்று கேட்டது. நாகரிகமான அளவு நேரம் காத்திருந்தது. விறைத்த வாயிலிருந்து பதில் வரவில்லை.

"அவருக்குத் தனிமை பிடிக்கும்," என்று உள்ளே போய்ச் சொல்லிக் கதவைச் சாத்தியது.

ஒரு நாள் மட்டும் உடும்பு எப்படியோ ஊர்ந்து உள்ளே போய்விட்டது. கணப்பு அருகே உட்கார்ந்ததும் வாய் இளகியது. தன் ஊர்ச் சந்தையில் மாமா உடும்பு கண்ணாடியைப் பார்த்துத் தன்னோடே பேரம் பேசிய கதையைச் சொன்னது. அணியில் இருந்த முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. பனிக்காட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை அது அனுபவித்ததில்லை. ஆனால் அந்தச் சூட்டோடு பயிற்சிக்குப் போனபோது, பிடி நழுவி அணி முழுவதும் சேற்றில் விழுந்தது. உடனே செயற்குழு கூடித் தீர்மானம் போட்டது: தணிகாசலத்தின் தனித்தன்மையை மதித்து, இனி அவர் வெளியிலேயே நிற்க வகை செய்யப்படும்.

வெற்றிமேல் வெற்றி. செய்தி பரவியதும் வீரபாகுவுக்குத் தமிழ் ரத்தம் கொதித்தது.

இறுதிப்போட்டி அன்று இரண்டாகப் பிரிந்த சங்கத்தின் இரு தரப்பும் மைதானத்துக்கு வந்துவிட்டன. ஆட்டம் தொடங்குவதற்கு முன் வீரபாகு ஒரு பொன்னாடையைத் தணிகாசலத்துக்குப் போர்த்தியது. சங்கத்தின் எதிர்த் தரப்புத் தலைவர் அதைவிடப் பெரிய பொன்னாடை போர்த்தினார். உடனே வீரபாகு தரப்புப் பொருளாளர் ஒன்று. எதிர்த் தரப்பு மகளிரணி ஒன்று. போர்த்தியவர் ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்து நின்றார்கள். யாருமே தணிகாசலத்தைப் பார்க்கவில்லை.

"ஆட்டத்துக்கு முன்பு இவற்றை எடுத்துவிடலாமா?" என்று ஒரு முயல் மெல்லக் கேட்டது.

"கூடாது, அது அவர்களுடைய கலாசாரம்," என்றது கலைமான்.

பொன்னாடைக் குவியலுக்குள் உடும்பு கதகதப்பாயிற்று. நகம் இளகியது. நடுவர் விசில் ஊதியதும் ஓநாய்கள் ஒரே இழுப்பில் மொத்தக் கழகத்தையும் சேற்றில் இழுத்துப் போட்டன.

"நம்ம மானத்தையே வாங்கிட்டீங்களே தம்பி," என்றது வீரபாகு. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொன்னாடையெல்லாம் குடுங்க. அடுத்த வாரம் வேற ஒருத்தருக்குப் போத்தணும்," என்றது. மற்ற தரப்பும் தன்னுடையதை எண்ணி வாங்கிக்கொண்டது.

இன்னும் சூடு ஆறாத தணிகாசலம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கழக அறைக்குள் போனது. இப்போது அதனால் பேச முடியும். மன்னிப்புக் கேட்டது. யாரும் கோபிக்கவில்லை. அருமையான முயற்சி என்றார்கள். மாமாவின் கதையை மறுபடி சொல்லிப் பார்த்தது. முயல்கள் சூப்பையே உற்றுப் பார்த்தன. பிறகு ஒருவர் நாளைய வானிலையைப் பற்றிப் பேசினார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். உடும்பின் அருகே இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. உடும்புக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் யாரையோ நேசித்தது உண்மைதான். வெளியே விறைத்து நின்றவரைத்தான்; உள்ளே வந்து பேசுகிறவரை அல்ல.

அது எழுந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்தது. கதவைத் திறந்து வெளியே போய், வழக்கமான இடத்தில் காலை அகட்டி நின்றது. பனி விழத் தொடங்கியது. ஜன்னலுக்கு உள்ளே கலைமான் நிம்மதியாகச் சிரித்து, சூப்புக் கிண்ணத்தை அதன் பக்கம் உயர்த்தியது. எல்லா முயல்களும் உயர்த்தின. பதிலுக்குச் சிரிக்கத் தணிகாசலம் வாயைத் திறந்தது. அது பாதியிலேயே விறைத்துப்போனது.

நீதி: விறைத்து நிற்பவரைத்தான் ஊர் தூண் என்று கொண்டாடும். ஆகவே வெளிநாடு போகிறவர்கள் ஸ்வெட்டர் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.