குதிரையின் இடது காது

மரக்குதிரையின் இடது காது பிராப்பர்ட்டிக்காரரின் கையோடு வந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் அதை இழுக்கவில்லை, திருகவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளை. செட்டில் ஈ, காக்கை இல்லை. சினிமா செட்டின் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பாளராக அவர் முப்பது நாளாகத் தூசி தட்டி, துணி போர்த்திக் காப்பாற்றிய நீலக் குதிரை. 'ஒரே ஒரு தடவை' என்று ஏறி உட்கார்ந்தார். முன்னும் பின்னுமாக நாலு ஆட்டம். இறங்கும்போது பிடிமானத்துக்குக் காதைத் தொட்டார். அவ்வளவுதான்.

காது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ பிசுபிசுத்தது.

"தச்சன் என்ன பசையைப் போட்டுத் தொலைச்சானோ!" என்று பல்லைக் கடித்தார்.

வேறு எது உடைந்திருந்தாலும் சமாளித்திருப்பார். படமே இந்தக் குதிரையை நம்பித்தான் ஓடுகிறது. நாற்பத்தைந்து வயதில் அரை நிக்கர் போட்டுக்கொண்டு, அலமாரிக்குள் தூங்கி, நிலாவுக்குக் கடிதம் எழுதி, குதிரையிடம் யோசனை கேட்டு வாழும் ஒரு வளர்ந்த குழந்தையின் கதை. இன்று கடைசி ஷாட். தலையணையைக் கிழித்துவிட்ட ஹீரோ, குதிரை முன்னால் திருதிருவென்று விழித்துவிட்டு, அதன் இடது காதில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

காலையில் பதினேழு டேக். ஹீரோவுக்கு அந்த முழி வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். டைரக்டர் எதையோ மென்றுகொண்டே வந்து நடித்துக் காட்டினார். தலையைத் தொங்கப் போட்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்து, ஓரக்கண்ணால் ஒரு பார்வை. "தப்பு பண்ண குழந்தை இப்படித்தான் சார் நிக்கும்!" அசல் குழந்தை தோற்றது.

அதே டைரக்டர்தான் குதிரையின் கழுத்தில் 'யாரும் தொடக் கூடாது' என்று அட்டை மாட்டியவர். "இது மேல ஒரு கீறல் விழுந்துச்சோ, டைட்டில்ல உன் பேரு இருக்காது" என்று பிராப்பர்ட்டிக்காரரிடம் விரலை ஆட்டியவரும் அவரே.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் திரையில் தனியாக அவர் பெயர் வரப்போகிறது. மனைவி குடியிருப்பில் மூன்று மாடிக்கும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டாள்.

இன்னும் இருபத்தைந்து நிமிடம். பசை டியூபை எடுத்துப் பிதுக்கினார். காதை வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. கூடவே கட்டை விரலும்.

"அண்ணே, டீ" என்று வந்து நின்றாள், யூனிட்டே அக்கா என்று கூப்பிடும் டீக்கார அக்கா. "குதிரைக்குக் காது குத்தறீங்களா?"

"போங்கக்கா, நேரம் காலம் தெரியாம!"

"அந்தக் காதைப் பத்தித்தான் அண்ணே..."

"அக்கா! ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்க எதையும் பாக்கல."

அவள் தம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவர் விரலை வெடுக்கென்று பிடுங்கினார். விரலோடு ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பெயின்ட் உரிந்து வந்தது. அப்போதுதான் கவனித்தார், காது பின்பக்கம் பார்த்து ஒட்டியிருந்தது.

திருப்பி ஒட்ட நேரமில்லை. மீதியிருந்த பெயின்டைக் காதில் தடவினார். அது ஒரு நீலம், தலை ஒரு நீலம். சரி, தலை முழுக்க அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது என்று அடித்தார். இப்போது வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குதிரை முகத்திலிருந்து பெயின்ட் சொட்டியது.

"அண்ணே, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." அக்கா தம்ளர் எடுக்க வந்திருந்தாள்.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன்!"

கும்பிட்ட கையும் நீலம்.

பத்து நிமிடத்தில் காய வேண்டும். புயல் காட்சிக்குக் கொண்டுவந்த ராட்சத மின்விசிறி மூலையில் நின்றது. அதை உருட்டி வந்து சுவிட்சைத் தட்டினார். பெயின்ட் காய்ந்ததோ இல்லையோ, பதினேழு டேக்கில் கிழித்த பதினேழு தலையணைகளின் இறகும் கிளம்பிற்று. செட்டை இரண்டு சுற்று சுற்றி, நேராக வந்து குதிரையின் தலையில் உட்கார்ந்தது.

கழுத்துக்குக் கீழே குதிரை. கழுத்துக்கு மேலே கோழி.

"ரெடியா?" என்று டைரக்டரின் குரல் கேட்டது. பின்னால் ஹீரோ, அதற்கும் பின்னால் யூனிட் மொத்தமும்.

டைரக்டர் குதிரையைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார். பிராப்பர்ட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டைட்டிலில் தன் பெயர் எழுத்து எழுத்தாக அழிவது தெரிந்தது.

கண்ணைத் திறந்தார். டைரக்டர் இறகைப் பார்க்கவேயில்லை. குதிரையின் இடது காதை ஒரு விரலால் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்.

"கா... காது கெட்டியாத்தானே இருக்கு?"

"சார், அந்தக் காது வந்து... உண்மையைச் சொல்லிடறேன்..."

"வேண்டாம்!" டைரக்டர் அலறினார். "காதைப் பத்தி யாரும் பேசக் கூடாது! இறகு பிரமாதம். இப்படியே எடுப்போம்."

சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டார். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தார். ஓரக்கண்ணால் பிராப்பர்ட்டிக்காரரைப் பார்த்தார்.

"ஆஹா!" என்று துள்ளினார் ஹீரோ. "இப்பத்தான் சார் எனக்குப் பிடிபட்டது. கேமராவை ஓட விடுங்க!"

ஒரே டேக். கோழித்தலைக் குதிரையின் பின்பக்கம் பார்த்த காதில் ஹீரோ உண்மையைச் சொன்னபோது லைட்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது டைரக்டர் மெதுவாகப் பிராப்பர்ட்டிக்காரர் பக்கம் ஒதுங்கினார்.

"டைட்டில்ல உங்க பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்றேன், அண்ணே."

முப்பது நாளில் முதல் 'அண்ணே'. சொல்லிவிட்டுப் போன வேகத்தில் டைரக்டர் காரிலேயே ஏறிவிட்டார்.

பிராப்பர்ட்டிக்காரர் தலையணை உறை ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அக்கா டீயை நீட்டினாள். இந்த முறை வாங்கிக்கொண்டார்.

"பெரிய மனுஷன்க்கா. நான் குதிரைமேல ஏறி ஆடிக் காதை உடைச்சேன். ஒரு வார்த்தை திட்டல. மனசு உறுத்துது. நாளைக்கு வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"அதைத்தானே அண்ணே மத்தியானத்துலேர்ந்து சொல்ல வரேன்" என்றாள் அக்கா. "செவ்வாய்க்கிழமையே டைரக்டர் ஏறி ஆடி உடைச்சுட்டு, மென்னுட்டிருந்த பபிள்கம்மை வச்சு ஒட்டி, 'பிராப்பர்ட்டி அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா, அடிப்பாரு'ன்னு என் கையைப் பிடிச்சிட்டு அழுதாரு!"