லான் ஹா மூடுபனியில் ஆறாவது வார்டு அறிவிப்பு

நாம் தின் நகரம், ஆறாவது வார்டு
சந்திர வருடம் இரண்டாம் மாதம், பதினெட்டாம் நாள்

அன்பிற்குரிய தங்கை லுவாவுக்கு,

அண்ணன் குவாங் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மியெனும் உடல்நலத்தோடு இருக்கிறோம், என் தொண்டை நீங்கலாக. கான் தோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று காலை அப்பா அம்மா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போது உங்கள் நால்வர் பெயரையும் தனித்தனியாகச் சொல்லி வேண்டிக்கொண்டேன். உரக்கச் சொன்னதாக உன் அண்ணி சொல்கிறாள்.

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்காக நீ ஏற்பாடு செய்துகொடுத்த லான் ஹா விரிகுடாக் கப்பல் பயணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசும்போது நீ போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வதாக மாப்பிள்ளை ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். தவிர, என் குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அது ஏன் என்பதைத்தான் விவரமாகச் சொல்லப்போகிறேன்.

படகில் நாங்கள் மொத்தம் பத்துப் பேர். தா நாங்கிலிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதி, ஹனோய்ப் பல் வைத்தியர் ஒருவரும் அவர் குடும்பத்தார் நால்வரும், நாங்கள் இருவர், பிறகு தாய் ஙுயெனில் வாழையிலையில் கட்டி அவித்த பன்றியிறைச்சி விற்கும் சுவான் என்ற அக்கா. சுவான் அக்கா தனியாக வந்திருந்தார். பிள்ளைகள் வரவில்லையா என்று கேட்டேன். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்பதால் கூப்பிடவில்லை என்றார். மியெனுக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

அறைக்குள் போனால் கட்டிலில் இரண்டு துண்டுகள் சுருட்டிக் கிடந்தன, மெத்தை முழுக்கப் பூவிதழ்கள். முந்தின ஆட்கள் துவைக்க வேண்டியதை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, நான் ஒரு துண்டை உதறி முகம் துடைத்துக்கொண்டு, மெத்தையில் குப்பை கிடக்கிறது என்று வழிகாட்டிப் பெண் திரினிடம் போய் முறையிட்டேன். அவள் வந்து பார்த்து, அவை முத்தமிடும் அன்னங்கள் ஐயா, நாற்பதாவது வருடத்துக்காக நாங்கள் செய்துவைத்தது என்றாள். ஒரு அன்னம்தான் மிச்சம் இருந்தது. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே இருந்த சுவர் முழுக்கக் கண்ணாடி, லுவா. எதற்காக என்று ஒருவரும் விளக்கவில்லை. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் இரண்டு மேல்கோட்டுகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றோம்.

கரையை விட்டதிலிருந்து மூடுபனி. திரின் மேல்தளத்தில் நின்று கை நீட்டி, இடப்பக்கம் ஆமைத் தீவு என்றாள். பத்துப் பேரும் இடப்பக்கம் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது. வலப்பக்கம் குரங்குத் தீவு என்றாள். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது. பல் வைத்தியர் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். திரினின் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்று தோன்றியதால் அவள் சொன்னதை நான் ஒருமுறை திருப்பிச் சொன்னேன். மியென் என் தொடையில் கிள்ளினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே பாடுவதற்கு ஒலிவாங்கி கொண்டுவந்து வைத்தார்கள். நான் பாடுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் கருவி வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமல்லவா. ஒன்று இரண்டு மூன்று சொல்லிப் பார்த்தேன். அருமையான கருவி. கையில் எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைப்பது மரியாதையாக இருக்காது என்று, அன்றைய உணவுப் பட்டியலை, வேகவைத்த சிப்பி, வெங்காயத்தாள் போட்டுச் சுட்ட கடற்சிப்பி, புளிக்குழம்பு மீன் என்று வரிசையாக அறிவித்தேன். அடுத்துப் பாட நின்ற புதுமணப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது மியெனின் நாற்காலி காலி. பாதிச் சோறு கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

உனக்குத் தெரியாததில்லை. இருபத்தொன்பது வருடம் இந்த வார்டின் ஒலிபெருக்கியில், காலை ஐந்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பேசியவன் நான். இப்போது எல்லாச் செய்தியும் போனிலேயே வந்துவிடுகிறது என்று மூன்று வருடம் முன்பு கருவியை நிறுத்தினார்கள். தொண்டையை நிறுத்துவதற்கு ஒருவரும் வரவில்லை. அது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சோப்பு தீர்ந்துவிட்டது என்று மெல்லச் சொல்ல எனக்கு வரவில்லை. கவனத்திற்கு என்றுதான் ஆரம்பிக்கிறது. அது ஒருத்தியை எப்படி அரிக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை படகு ஒரு சிறு குடாவில் நங்கூரமிட்டு நின்றது. ஆறரை மணிக்குக் கப்பல் தலைவர் தியெப் மேல்தளத்தில் எல்லோருக்கும் மெதுவாகக் கைவீசும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவர் எண்ணியது யாருக்கும் கேட்கவில்லை, ஆகவே நான் எண்ணினேன். ஐந்தாவது சுற்றில் மியென் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீங்க பேசுறதை முப்பது வருஷம் ஊரோட சேர்ந்து கேட்டேன்," என்றாள். "இப்ப மூணு வருஷமா தனியா கேக்குறேன். ஒரு மணி நேரம் இந்தக் குரல் கேக்காத இடமா பார்த்துப் போறேன். பின்னாடி வராதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். அவளும் சுவான் அக்காவும் பாதுகாப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, இருவர் ஓட்டும் சின்னத் துடுப்புப் படகு ஒன்றில் இறங்கினார்கள். அப்போது பனி கொஞ்சம் விலகியிருந்தது. எதிரே பாறை மங்கலாகத் தெரிந்தது. சிவப்பு மிதவைகளைத் தாண்ட வேண்டாம் என்று திரின் சொன்னாள். நான் கையசைத்தேன். சுவான் அக்கா மட்டும் பதிலுக்குக் கையசைத்தார்.

கால் மணி நேரத்தில் பனி மறுபடி இறங்கியது. பாறை போயிற்று, மிதவைகள் போயின, படகின் முன்பக்கத்துக் கொடிகூடப் போயிற்று. தலைவர் சங்கை ஊதினார். ஈரத்தில் ஊறிய அந்தச் சங்கு வாத்து மாதிரி இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது. அரை மணி நேரம் ஆயிற்று. முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாராவது போய்த் தேடுங்கள் என்று நான் தலைவரின் சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையை எடுத்துவிடவில்லை.

"இந்தப் பனியில இன்னொரு படகை அனுப்புனா, அப்புறம் ரெண்டு படகைத் தேடணும் ஐயா," என்றார். "சத்தம் குடுத்துக்கிட்டே இருப்போம். சத்தத்தைப் பிடிச்சு வந்துடுவாங்க."

கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துவந்து அவரே கூப்பிட ஆரம்பித்தார். பத்தே நிமிடம், குரல் உடைந்துவிட்டது. திரின் முயன்றாள், பத்தடிக்கு அப்பால் போயிருக்காது. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின இரவு நான் அறிவித்து முடித்ததும் ஒலிவாங்கியை என்னிடமிருந்து ஒளித்துவைத்தவர்கள், லுவா.

வாங்கிக்கொண்டேன். மியென் என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். நாற்பது வருடமாக, இங்கே பார், ஏ, கேட்டியா என்றே கூப்பிட்டுப் பழகியவன். பெயர் வரவில்லை. வாயில் வந்தது என்ன என்றால்:

"கவனத்திற்கு. ஆறாவது வார்டு மக்கள் கவனத்திற்கு. நாளை முதல் குப்பை வண்டி மாலை ஆறு மணிக்கு வரும். பைகளை இறுகக் கட்டி வாசலில் வைக்கவும்."

ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் நாள் சொன்னேன். மூன்றாவது சந்தில் மின்தடை சொன்னேன். சந்தை அருகே கிடந்த சாவிக்கொத்து, காணாமல் போன பழுப்புநிறப் பணப்பை, முதியோர் சங்கத்துச் சதுரங்கப் போட்டி, புயலுக்கு முன் கூரைத் தகடுகளுக்குக் கல் வைப்பது எல்லாம் சொன்னேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய அறிவிப்புகளெல்லாம் அப்படி அப்படியே நினைவிலிருந்து வந்தன. வலப்பக்கம் பனிக்குள் கண்ணுக்குத் தெரியாத வேறொரு படகிலிருந்து ஓர் ஆள், "அண்ணே, தடுப்பூசி பூனைக்கும் உண்டா?" என்று கேட்டான். நாய்க்கு மட்டும் என்று பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே பாதி சாய்ந்திருந்தேன். பல் வைத்தியர் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் அறிவிப்புகள் தீர்ந்துவிட்டன. இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. அதன் பிறகு சில பொதுவான விஷயங்கள் பேசினேன். அவற்றை எழுதத் தாளில் இடம் போதாது. அப்போது புதுமணப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பனி கண்ணுக்குள் போனால் எரியும் போலிருக்கிறது.

பிறகு தண்ணீரில் துடுப்புச் சத்தம் கேட்டது. முதலில் சுவான் அக்காவின் தொப்பி தெரிந்தது, பின்னால் மியென். நான் ஒலிபெருக்கியை இறக்காமலே நின்றேன். அவள் ஏணியில் ஏறி வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"போதும், குடுங்க," என்றாள். "தொண்டை போயிடும்."

ஏணியில் ஏறப் பிடித்த என் கையைக் காலைச் சாப்பாடு முடியும்வரை விடவில்லை. கஞ்சியை இடக்கையால் சாப்பிட்டேன். தியெப் தலைவர் அரிசிச் சாராயத்தில் தேன் கலந்து ஒரு கிண்ணம் கொடுத்தார். எங்க படகுக்கு நிரந்தரமா வந்துடுங்க ஐயா, சங்கை வித்துடுறேன் என்றார்.

பதினொரு மணிக்குத் திரும்பும் வழியில்தான் பனி விலகியது, ஒரு முனையிலிருந்து யாரோ போர்வையை உருவுகிறாற்போல. நாங்கள் வெள்ளை வெள்ளை என்று பார்த்த இடத்திலெல்லாம் பாறைகள், தலையில் மரங்களோடு, இடுப்புவரை பச்சைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. முந்தின நாள் முழுக்க இத்தனைக்கு நடுவிலா வந்தோம் என்று இருந்தது. நானும் மியெனும் பின்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். திரின் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். எதையும் நான் திருப்பிச் சொல்லவில்லை.

ஆகையால் லுவா, உனக்கு நன்றி. பேசாத குழந்தையையும் பேசவைக்கும் பொறுமை உனக்கு உண்டு; என்னைப் பேசாமல் இருக்கவைக்கவும் உன்னால்தான் முடிந்தது. தியெப் தலைவருக்கும் திரினுக்கும் பல் வைத்தியருக்கும் நன்றி. சுவான் அக்காவுக்கு மிகவும் நன்றி. அவ்வளவு பனியிலும் மியெனைத் தைரியமாக வைத்திருந்தவர் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று காலை மியென் சொன்னதிலிருந்து தொந்தரவு என்று நானே நம்பத் தொடங்கியிருந்த இந்தத் தொண்டைக்கும் ஒரு நன்றி. ஒரு உயிரை, இல்லை, இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும், மாப்பிள்ளையின் தோட்டத்தில் நீர் வற்றாமலும், பிள்ளைகளின் தேர்வு எளிதாகவும் அமைய முன்னோர்களை வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்,
குவாங்

பின்குறிப்பு: லுவா, இது அண்ணி எழுதுறது. ஒட்டிப் போட்டுட்டு வான்னு என்கிட்ட குடுத்தார். ஒட்டுறதுக்கு முன்னாடி இதை எழுதுறேன். நாங்க தொலைஞ்சுபோகவே இல்லை. அந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு மிதக்கும் மீன்பண்ணை. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர், ஒரு நாய். பனி இறங்குனதும் ஏறி உக்காருங்கன்னு கூப்பிட்டாங்க. டீயும் சுட்ட கணவாயும் குடுத்தாங்க. நாப்பது துடுப்பு போட்டா நம்ம படகு. கயிறு கட்டி வச்சிருக்காங்க, அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துடலாம். உங்கண்ணன் பேசுன ஒவ்வொரு வார்த்தையும் எங்க வீட்டு அடுப்படியில கேக்குற மாதிரி கேட்டுச்சு. போயிடலாம்னு சுவான் அக்கா எழுந்தாங்க. நான்தான் அந்தக் கூரைத் தகடு அறிவிப்பு முடியட்டும்னு பிடிச்சு உக்காரவச்சேன். அவ்வளவு பேரைப் பயமுறுத்துனது தப்புதான். அதுக்காகத்தான் ஒரு வாரமா சோப்பு அறிவிப்பையெல்லாம் வாயைத் திறக்காம கேட்டுக்கிட்டிருக்கேன். யாரு இது, ரேடியோவான்னு பண்ணைக்கார அம்மா கேட்டாங்க. யாரோ தெரியலைன்னு சொன்னேன். அப்புறம் அந்தப் "பொதுவான விஷயங்கள்" ஆரம்பிச்சுது. அது என்னன்னு உனக்கும் சொல்லமாட்டேன். அந்த அம்மா அடுப்பைத் தணிச்சிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, யாருக்குச் சொல்றாரோ, அவங்க கொடுத்து வச்சவங்கன்னாங்க. நான் கிளாஸைக் கீழ வச்சிட்டு, அது நான்தாம்மான்னு சொல்லித் துடுப்பை எடுத்தேன். இதை அவர்கிட்ட சொல்லிடாதே. காப்பாத்துனதாவே இருக்கட்டும்.