வெள்ளம் விடுகிற ஜோலி

அனுப்பு என்ற பொத்தானை அமுக்கிய பிறகுதான் முருகதாஸுக்கு, அனுப்பியது என்னவென்று ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அவன் குணம் அது. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் பெண்ணின் பெயரையே கேட்டான். பெண் பிந்துவாக அமைந்ததால் அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தான்.

வாசித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தான்.

ஃபோனைப் பார்த்து அவன் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: "பதினொரு வருஷமா வெள்ளம் விடுகேன். காலையில ஆறு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் வெள்ளம் வரும். நானூத்திப் பன்னிரண்டு வீடு. கைப்பிள்ளைக்காரிகளும் வயசானவங்களும் உண்டு. எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேன்."

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடிநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிற தற்காலிகப் பணியாளன் அவன். குமரி மாவட்டத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம், செடிக்கு ஊற்றுவதும் வெள்ளம். தமிழை இங்கிலீஷாக மாற்றித் தரும் ஃபோனுக்கு அந்த விவரம் தெரியவில்லை. அது எந்த ஊரில் தமிழ் படித்ததோ, வெள்ளம் வந்த இடத்தில் எல்லாம் 'ஃப்ளட்' என்று போட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் முப்பத்தாறு மார்க் வாங்கியவனுக்கும் அந்தச் சொல் தெரியும். ஐப்பசி மாதம் டிவியின் அடியில் ஓடுகிற சொல்.

ஆக, அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரின் தண்ணீர் ஆபீசுக்கு, முருகதாஸ் என்பவன் பதினொரு வருஷமாகத் தினம் இரண்டு வேளை, நேரம் தவறாமல், நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குள் வெள்ளத்தைத் திறந்துவிட்டு வருவதாகத் தகவல் போயிருந்தது.

பிந்து அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எட்டு வயது மகள் ஆதிராவையும் போன ஓணத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முருகதாஸுக்கும் விசா வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் விமானம்.

"வந்து எறங்கின பொறவு பைய ஜோலி தேடலாம்" என்றுதான் பிந்து சொன்னாள். பயந்தது அவன்தான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு தாளில், 'அப்பாவின் வேலை' என்ற இடத்தை ஆதிரா காலியாக விட்டிருக்கிறாளாம். "இங்க வந்து நீங்க எங்க ஸ்கூல் வாசல்லயே நிப்பீங்களாப்பா?" என்று அவள் ஆசையாகத்தான் கேட்டாள். அவனுக்கு அன்றிலிருந்து உறக்கம் போயிற்று.

அதனால், "சும்மா பாத்து வைங்க" என்று பிந்து அனுப்பிய அந்தத் தண்ணீர் ஆபீசின் பக்கத்தைத் திறந்தவன் பார்த்து வைக்கவில்லை. எடுத்த எடுப்பில் கண்ணில் பட்ட பாரத்தை நிரப்பினான். அந்த ஊர் விலாசம் கேட்டது. பிந்துவின் வீட்டு விலாசத்தைப் போட்டான். கதை கேட்டது, சொன்னான்.

இப்போது பிந்து விசா சமயத்தில் சொல்லியிருந்தது மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. "இஞ்சேருங்க, ஒரு எடத்துலயும் பொய்த் தகவல் குடுக்கப்பிடாது. கண்டுபிடிச்சா உங்களுக்கு மட்டுமில்ல, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவான்."

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பிந்து தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதும், பின்னாலேயே ஆதிரா பள்ளிக்கூடப் பையோடு வருவதும், இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறுவதும் வரிசையாகத் தெரிந்தன.

உடனே திருத்தம் அனுப்ப உட்கார்ந்தான். அதே பாரம், அதே ஃபோன். "அது பெருவெள்ளம் இல்ல சாரே. நாங்க குடிக்கிற வெள்ளம். நாலு நாளா மோட்டார் கேடு, எல்லாரும் கஷ்டப்படுகாவ. நான் ஒத்தைக்கு நின்னு சமாளிக்கேன்."

இந்தத் தடவை வாசித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று மனது முடிவு செய்தது. கட்டைவிரல் அதற்குள் அனுப்பிவிட்டது. 'வீ ஆர் ட்ரிங்கிங் த ஃப்ளட்' என்று போயிருந்தது.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. முருகதாஸ் செருப்புப் போடாமல் சுனிலின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். சுனில் பன்னிரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தவன். வெளிநாடு என்றால் அந்தத் தெருவுக்கே அவன்தான் நீதிபதி.

"என்னலே, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒரு தப்பு நடந்துட்டு மக்கா. இதப் படிச்சு அர்த்தம் சொல்லு. பைய சொல்லு, நெஞ்சு அடிக்குது."

சுனில் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டான். "ஸ்டே வேர் யூ ஆர்."

"அப்டின்னா?"

"இருக்கிற எடத்துல இருங்கோன்னு. வேற கம்பெனிக்குப் போயிராதேன்னு அர்த்தம். ஆளு பிடிச்சுப் போச்சுன்னா இப்படித்தான் எழுதுவானுவ. அடுத்த வரி அதவிடக் கொள்ளாம், நல்லாருக்கு. மூவ் டு ஆன் அப்பர் லெவல்."

"அது என்ன?"

"மேல் போஸ்ட்."

முருகதாஸ் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டான். "லே, எனக்கு வால்வு தெறக்க மட்டுந்தான் தெரியும். அதுலயும் எடத்தாட்டுத் திருப்பணுமா வலத்தாட்டுத் திருப்பணுமான்னு இப்பவும் ஒரு நிமிஷம் யோசிப்பேன். அவனுவ வெள்ளப்பெருக்கு எஞ்சினியர்னு நெனைச்சிட்டானுவ. அங்க போய் எதத் தெறப்பேன்?"

"இப்பப் போய் மாத்திச் சொன்னா, முதல்ல சொன்னது பொய்யின்னு ஆவும். பொய்யின்னா விசா போவும். அதனால நின்ன நெலையில நில்லு. முடிஞ்சா போட்டோவும் அனுப்பச் சொல்லியிருக்கான். ஜோலி பாக்குற போட்டோ ஏதாவது இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது. போன ஓணத்துக்குப் பிந்து கீழே நின்று எடுத்தது. தொட்டியின் உச்சியில் முருகதாஸ் நிற்கிறான். தோளில் கிடந்த சிவப்புத் துவர்த்துத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டுகிறான். பிந்து விளையாட்டுக்குச் சொல்லச் சொல்லச் சுழற்றியது அது.

"பிரமாதம். ஒயரத்துக்குப் பயப்படாத ஆளுன்னு தெரியும்" என்று சுனில் அதை அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை பிந்துவின் குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ தள்ளுபடுக்கையை உருட்டும் சத்தம்.

"இஞ்சேருங்க, இங்க மூணு நாளா ஒரே மழை, எனக்கு டபுள் டூட்டி. நேத்து வீட்டுக்கு மஞ்சக் கோட்டுப் போட்ட ரெண்டு பேரு வந்து உங்க பேரச் சொல்லிக் கேட்டாவளாம். கூடத் தங்கியிருக்க நர்ஸுக்க அம்மைதான் அங்க இருந்தாவ. அவியளுக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? செவத்துல இருந்த உங்க போட்டோவக் காட்டிட்டு, நீங்க பிளேன்ல வருவீங்கன்னு சொல்ல, விரலால வானத்தக் காட்டினாவளாம். வந்தவங்க ஹெல்மெட்டக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு தல குனிஞ்சு நின்னாவளாம். என்னது இது? நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

'ஒண்ணுமில்ல. நீ நனையாமப் போ' என்று பதில் போட்டான். அனுப்பிய பிறகு அதையும் ஒரு தடவை வாசித்தான். அதுவும் பொய்த் தகவல்தான்.

"வீட்டு வெரிஃபிகேஷன்" என்றான் சுனில். "விலாசம் உள்ளதான்னு பாக்க வந்திருக்கானுவ. அடுத்தவன் வீட்டுக்குள்ள ஹெல்மெட்டோட நிக்கப்பிடாதுன்னு கழட்டியிருக்கான். படிச்ச ஜாதி. ஜோலி கெடச்ச மாதிரின்னு வச்சுக்கோ. இன்னைக்கு வீடியோவுல நேர்ல பேசுவோம்னு மெசேஜும் போட்டிருக்கான். சட்டையக் கழட்டாம இரு. ஒண்ணு மட்டும் ஓர்மையில வையி, அங்க எல்லாத்துக்கும் சேஃப்டிதான் முக்கியம்."

முருகதாஸ் கல்யாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கீழே லுங்கியோடு, மோட்டார் அறையில் காத்திருந்தான். முந்தின இரவே மோட்டார் சரியாகி, தொட்டி நிரம்பியிருந்தது. பொத்தான்கள் வயிற்றில் மூச்சுமுட்டின. மதியம் இரண்டரைக்கு ஃபோன் அலறியது.

திரையில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. இரண்டு பேரும் பல நாள் உறங்காதவர்கள் போல இருந்தார்கள். அவனைப் பார்த்ததும் பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டார்.

சுனில் தெய்வம்தான் என்று முருகதாஸ் நினைத்துக்கொண்டான். "சேஃப் சார். ஆல்வேஸ் சேஃப்."

கூட எத்தனை பேர்?

"ஒன்லி மீ சார். நோ அசிஸ்டன்ட்."

எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறீர்கள்?

"லெவன் இயர்ஸ் சார்."

பெரியவர் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிட ஏதாவது கிடைத்ததா என்று அந்த அம்மா கேட்டாள். வேலைக்கு வந்தவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற அதிகாரியை முருகதாஸ் இந்தப் பதினொரு வருஷத்தில் கண்டதில்லை.

"ஈட்டன் மேடம். ரைஸ் மேடம். டூ ரசவடை."

நீந்தத் தெரியுமா?

"பழையாறு சார். ஸ்மால் ஏஜ்லயே."

தண்ணீர் இப்போது எவ்வளவு உயரம்?

முருகதாஸ் எட்டி, தரையிலிருந்து அளவு குறித்திருந்த தொட்டியின் அளவுகோலைப் பார்த்தான். வேலை தெரிந்தவன் என்று காட்ட இதைவிட வாய்ப்பு வராது. "தர்ட்டி எய்ட் ஃபீட் சார். ஃபைவ் ஓ கிளாக் ஐ வில் ஓப்பன். ஆல் ஹவுஸ் கோயிங்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் எழுந்து நின்று பின்னால் திரும்பி யாரையோ கையாட்டி அழைத்தார். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முருகதாஸுக்குப் புரிந்தது. லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

திரையில் மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அவளை விட அவள் போட்டிருந்த மஞ்சள் கோட்டு பெரிதாக இருந்தது.

"அண்ணா, எம்பேரு அபிதா. வீடு மார்த்தாண்டம். இங்க படிக்கேன், இவங்களுக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கேன். பதறாம தமிழ்லயே சொல்லுங்க."

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் முருகதாஸுக்குள் வால்வு திறந்துகொண்டது.

"மக்கா, நான் எஞ்சினியர் ஒண்ணுமில்ல. வெள்ளம்னா நம்ம வெள்ளம், குடிக்கிற வெள்ளம். அத இந்தச் சவத்து ஃபோன் ஃப்ளட்டுன்னு மாத்திட்டு. இப்பவும் பூதப்பாண்டி பக்கத்துலதான் இருக்கேன். அங்க குடுத்த விலாசம் என் பெஞ்சாதிக்குள்ளது. பொய் சொல்லணும்னு சொல்லல. போட்டோவுல வீசுனது அவளுக்காக வீசுனது. எனக்கு மேல் போஸ்ட் வேண்டாம். தூத்து வார ஜோலி இருந்தாலும் செய்வேன். கோவம்னா எனக்க விசாவ எடுத்துக்கிடுங்க. பிந்து ராத்திரியும் பகலும் நின்னு சம்பாதிச்ச எடம் அது. பிள்ள இப்பத்தான் அங்க ஒரு கூட்டுக்காரியப் பிடிச்சிருக்கா. அவங்களத் திருப்பி அனுப்பிராதீங்கன்னு மட்டும் சொல்லு மக்கா."

அபிதா அதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் இங்கிலீஷில் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அவளுக்கே குரல் உடைந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பூதப்பாண்டியில் இருந்து தெரியவில்லை. அந்த அம்மா எழுந்து ஓரமாகப் போய் வாக்கி டாக்கியில் யாரிடமோ வேகமாக ஏதோ சொன்னாள்.

"அண்ணா, விசாவுக்கு ஒண்ணும் ஆவாது. அக்காவுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆவாது. இங்க யாருக்கும் உங்க மேல கோவமில்ல" என்றாள் அபிதா.

முருகதாஸ் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் ஆசையும் கூடவே வந்தது.

"அப்போ ஜோலி? யாரைக் கேட்டாலும் ஒண்ணுக்கொண்ணு மாத்தித்தான் சொல்லுகான். நீயாவது உள்ளதச் சொல்லு மக்கா. பிள்ள தாள்ல எழுதணும். இந்த ஜோலி எனக்கு உண்டா, இல்லியா?"

அபிதா கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, நீங்க நெரப்பினது ஜோலிக்குள்ள பாரம் இல்ல, வெள்ளத்துல மாட்டிக்கிட்டவங்க காப்பாத்தச் சொல்லி நெரப்புற பாரம், நேத்துல இருந்து நாலு படகு இங்க உங்களத்தான் தேடிட்டுக் கெடக்கு."