டாக்குமெண்டாக அனுப்பச் சொன்ன படம்

கூடுவாஞ்சேரி,
சனிக்கிழமை காலை

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஜெரோமுக்கு,

உன் தங்கை ரெஜினாவின் வீட்டுக்காரன் பெஞ்சமின் பணிவுடன் எழுதுவது. இங்கே ரெஜினா சுகம், மகள் ரெபேக்காள் சுகம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் ஒழுகாமல் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. அங்கே நீயும் தங்கச்சி ஹெலனும் நல்ல சுகத்தோடு இருக்க ஜெபிக்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது எழுதியவர்களில் ஒருவனாவது நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா. போன் இருக்கும் காலத்தில் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். என் போனை வியாழக்கிழமை சாயங்காலம் உன் தங்கை பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். காரணம் கீழே வருகிறது.

ரெபேக்காளை விஷுவல் கம்யூனிகேஷன் படிக்க வைக்கச் சொன்னது நீ. நர்சிங் என்றேன் நான். 'காலம் மாறிப்போச்சு மச்சான்' என்றாய். காலம் மாறியது உண்மை, என் தலைமுடியும் சேர்ந்து மாறிவிட்டது. படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கிராஃபிக் டிசைனர் என்கிறாள். சர்ச்சில் யாராவது 'பொண்ணு இன்னா பண்ணுது?' என்று கேட்டால், நான் 'கம்ப்யூட்டர்ல' என்று ஆரம்பித்து இருமிவிடுவேன். மீதியை அவர்களே ஐ.டி. என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை இருமல் வராததால் 'டிசைன் பண்ணுது' என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே மாதர் சங்கத்திலிருந்து மூன்று பேர் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றார்கள். அதனால்தான் புத்தாண்டு அன்று கெடு வைத்தேன். ஈஸ்டருக்குள் மாசச் சம்பள வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நீ கிளார்க்காக இருக்கும் காலேஜிலேயே பி.எட். 'சரிப்பா' என்றாள்.

இந்த நிலைமையில் கடவுளே ஒரு கதவைத் திறந்தார். கேளம்பாக்கத்தில் சங்கரி என்று ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு விருந்தினர் விடுதி கட்டுகிறார். அதற்குச் சின்னம், பெயர்ப்பலகை எல்லாம் போட்டுத் தர ரெபேக்காளைக் கேட்டார். பிடித்துப்போனால் தன் ஆபீசிலேயே மாசச் சம்பளத்துக்கு வேலை என்று சொல்லியிருந்தார். மூன்று வாரம் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் என்ன வரைந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். பெரிய வெள்ளைத் தாளில் ஒரு வளைந்த கோடு, அதன் தலைக்கு மேல் ஒரு புள்ளி. மெய்யெழுத்து எழுத வந்தவன் புள்ளியை மட்டும் வைத்துவிட்டு எழுத்தை மறந்துபோன மாதிரி இருந்தது.

"மீதி எங்கம்மா?" என்றேன்.

"மீதின்னு ஒண்ணும் இல்லப்பா. அவ்ளோதான்."

மூன்று வாரத்துக்கு ஒரு கோடு. எங்கள் கம்பெனியில் இந்த வேகத்தில் வேலை செய்தால் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவான் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அப்படியே மூடியே வைத்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலையில் அவள் அந்த விடுதிக்குப் போய்விட்டாள். எனக்கு இரண்டாவது ஷிப்டு, ரெஜினா மாதர் சங்கத்துக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு ரெபேக்காளிடமிருந்து போன். கடல் காத்து 'ஹோ'வென்று அடிக்கிறது, பாதி வார்த்தையைக் காத்து தின்றுவிட்டது. என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே சொல். "அப்பா... டேபிள்ல கீற படம்... சும்மா அனுப்பினா உடைஞ்சிடும்பா... டாக்குமெண்டா அனுப்பு... ஒரிஜினல்... மேடம் வெயிட் பண்ணிகினு கீறாங்க, அர்ஜென்ட்டு!" அவ்வளவுதான், கட். திருப்பிப் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

மச்சான், டாக்குமெண்ட், ஒரிஜினல், அர்ஜென்ட் என்று மூன்று வார்த்தை சேர்ந்து வந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன அர்த்தம்? வீட்டுப் பத்திரம்தானே! எதிர் வீட்டு ஜோஷ்வா வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கம்பெனிக்காரன் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி இரண்டு வருடம் உள்ளே வைத்துக்கொண்டான். ஆர்க்கிடெக்ட் அம்மா வீடு கட்டுகிறவர், அவருக்கு சர்டிபிகேட் எதற்கு, வீட்டுப் பத்திரம்தான் கேட்பார் என்று என் புத்தி வேலை செய்தது. ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் நைனா கடைசி வரை அடுத்தவன் வரப்பில் நின்றே நாற்று நட்டவர். எங்கள் வம்சத்தில் பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் ஆள் நான். அதுவும் பத்திரம் எழுதினவர் அவசரத்தில் 'பெஞ்சமீன்' என்று எழுதிவிட்டார். திருத்தல் பத்திரம் போட அலுத்துக்கொண்டு, இத்தனை வருடமாக அந்த அரை சென்ட் குறையாத ஒன்றரை கிரவுண்டில் மீனாகவே குடியிருக்கிறேன். அந்த பிளாஸ்டிக் கவரைக் கையில் எடுத்தேன். கொடுப்பதா? பிள்ளைக்கு வேலை கிடைக்குமே. கொடுக்காமல் விடுவதா? கெடு வைத்ததே நான்தானே. கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

அடுத்தது, உடைகிற படம். அவள் மேசைமேல் இருந்தது அந்தக் கோடு போட்ட தாள் ஒன்றுதான். தாள் எப்படி உடையும்? மேசைக்கு நேர் மேலே சுவரில் கண்ணாடி போட்ட எங்கள் கல்யாணப் படம் தொங்குகிறது. உடைவது என்றால் அது ஒன்றுதான். எதற்கு என் கல்யாணப் படத்தைக் கேட்கிறார்கள் என்று யோசிக்கவில்லையா என்று நீ கேட்பாய். யோசித்தேன். குடும்ப விவரம் என்று முடிவு செய்தேன். மறைமலைநகர் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருபத்தாறு வருடம், நான் கட்டிய பெட்டி ஒன்றுகூட டேமேஜ் என்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையோடு, கைக்கு வாகாக மேசைமேல் கிடந்த பெரிய தாளை எடுத்து, மூலைக்கு மூலை மடித்துப் படத்தைச் சுற்றி, மேலே துண்டைக் கட்டினேன்.

ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா காலி மீன் கூடையை என் மடிமேல் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். சட்டைக்குள் பத்திரம், மடியில் கண்ணாடி, அதன்மேல் கூடை. மாமல்லபுரம் வருவதற்குள் உள்ளேயும் வெளியேயும் மீனாகிவிட்டேன். விடுதி வாசலில் சம்பத் என்று ஒரு வாட்ச்மேன்.

"அண்ணாத்த, எங்க பூந்துகினு போற?"

"டாக்குமெண்ட்டு எட்டாந்துகீறேன்பா."

"புரோக்கரெல்லாம் உள்ள வுடக் கூடாதுன்னு மேடம் சொல்லிகீறாங்க."

நான் அப்பாடா, நான் அப்பா என்று கத்திய கத்தலில் ரெபேக்காளே ஓடி வந்தாள். பின்னால் சங்கரி அம்மா, நாலு மேஸ்திரிகள். நான் சட்டைப் பட்டனைக் கழற்றி, கவரை எடுத்து, எல்லார் முன்னாலும் நீட்டினேன். "இந்தாங்கம்மா, வூட்டுப் பத்திரம். ஒரிஜினல். எம் பொண்ணுக்கு வேலை குடுங்க." கவரைப் பார்த்ததும் ரெபேக்காள் முகம் ஒரு மாதிரி ஆனது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"இன்னாப்பா இது? அந்த ஸ்கெட்ச்ச போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பச் சொன்னேன். சும்மா அனுப்பினா படம் உடைஞ்சு மங்கலாயிடும், டாக்குமெண்ட்னு ஒரு பட்டன் கீது, அதுல அனுப்பினா ஒரிஜினல் சைஸ்ல வரும். அது எங்கப்பா?"

"எதும்மா?"

"ஸ்கெட்ச்சுப்பா! டேபிள் மேல வெள்ளைப் பேப்பர்!"

மச்சான், அந்த நிமிடம் நான் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வார வேலை எட்டாக மடிந்து வெளியே வந்தது. பிள்ளை வாயில் கைவைத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சங்கரி அம்மா முதலில் கல்யாணப் படத்தைத்தான் வாங்கிப் பார்த்தார். அந்தக் காலத்து போட்டோகிராபர் என்னையும் உன் தங்கையையும் ஒரு ரோஜாப் பூவுக்குள் வைத்து, சுற்றிலும் புறா, மயில், நீரூற்று, தாஜ்மகால் எல்லாம் போட்டுக் கொடுத்த படம், உனக்குத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். "ரெபேக்கா, நீ ஏன் இவ்ளோ இடத்தைக் காலியா விடறேன்னு இப்பதான் புரியுது" என்றார். பிறகு தாளைப் பலகைமேல் விரித்து, மடிப்பைத் தடவினார்.

"யார் சார் மடிச்சது?"

"நான்தாம்மா. மன்னிச்சிக்கோங்க."

சங்கரி அம்மா தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்து போட்டோ எடுத்தார். "திங்கக்கிழமை சொல்றேன்" என்றார். மன்னிப்பா, தண்டனையா, எதுவும் இல்லாத அந்தத் திங்கக்கிழமைதான் மச்சான் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. 'வாட்ஸாப் பட்டன் தெரியாத ஆளுக்குப் போன் எதுக்கு?' என்று உன் தங்கை அன்றே போனைப் பூட்டிவிட்டாள். இரண்டு நாளாக ரெபேக்காள் என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை வைக்கும் சத்தத்தில்தான் மனநிலையைத் தெரிந்துகொள்கிறேன். இன்று காலை சத்தமே வரவில்லை, அது இன்னும் மோசம். கெடு வைத்தவனும் நான், கெடுத்தவனும் நான். ஆகவே நீ யாருக்கும் தெரியாமல் ஒரு பி.எட். அப்ளிகேஷன் வாங்கி அனுப்பு. அதை அவள் கையில் கொடுக்கும் தைரியத்தை மட்டும் கர்த்தரிடம் நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி ஹெலனுக்கு என் அன்பு. உங்கள் வீட்டுக் கதவும் ஜன்னலும் கண்ணாடிச் சாமான்களும் சேதமில்லாமல் காக்கப்பட எங்கள் ஜெபங்கள்.

உன் மச்சான்,
பெஞ்சமின்

பின்குறிப்பு: திங்கள் சாயங்காலம். தபாலில் போட சங்கடப்பட்டு இரண்டு நாள் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அப்ளிகேஷன் வாங்காதே. கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் உன் எதிரி வீட்டுப் பிள்ளைக்குக் கொடு. ரெபேக்காளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெயர்ப்பலகையை அந்த மடிப்போடேயே தகட்டில் செய்யப் போகிறார்களாம், மடிப்பில் விழும் நிழல் அலை மாதிரி இருக்கிறதாம். கோடு அவளுடையது, மடிப்பு என்னுடையது, தயவுசெய்து சர்ச்சில் சொல்லு.

இன்னொன்று. மீன் வாடை போகட்டும் என்று பத்திரத்தை இன்று கவரிலிருந்து எடுத்து மாடியில் உலர்த்தினேன். முதல் பக்கத்தில் 'பெஞ்சமின்' என்று சுத்தமாக எழுதியிருக்கிறது. என் மீனைக் காணோம். கூப்பிட்டுக் கேட்டால் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மூன்று வருடம் முன்னால் வெள்ளம் வந்தபோதே ஒரிஜினலை உன் பீரோவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாமே! எனக்குத் தெரிந்தால் பதறுவேன் என்று, ரெபேக்காள் அதை ஸ்கேன் பண்ணி, முத்திரையின் சிவப்பு மாறாமல் கலரில் பிரிண்ட் எடுத்து, அதே கவரில் போட்டு வைத்தாளாம். மூன்று வருடம் நான் பூட்டிக் காத்ததும், வியாழக்கிழமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதும் அவள் செய்த டிசைன். "பேரை ஏம்மா மாத்தினே?" என்றேன். "கண்ணை உறுத்திச்சுப்பா" என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

அந்த ஒரிஜினலை நீயே பத்திரமாக வைத்துக்கொள், மச்சான். அதில் இருப்பது மீன். எனக்கு இந்த ஜெராக்ஸ் போதும், இதில்தான் நான் இருக்கிறேன்.