கடவுள் எந்தப் பக்கம்?

"கடவுள் வலப்பக்கமா வர்றாரா, இடப்பக்கமா?" என்று திரை இழுப்பவர் கேட்டபோது, மாப்பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை.

நாடகக் குழுவின் முதலாளி அவன் மனைவியின் அண்ணன். அதனால் மேடை நிர்வாகியான அவனை நடிகர்கள் உட்பட எல்லோரும் மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நல்லவர்கள் மேடைக்கு வலப்பக்கமாக வருவார்கள், கெட்டவர்கள் இடப்பக்கமாக. ரசிகர்களுக்கும் அது அத்துப்படி. வலப்பக்கம் ஒரு தலை தெரிந்தாலே கைதட்டல். இடப்பக்கம் தெரிந்தால், பாவம், அவன் வாயைத் திறப்பதற்குள் கூச்சல் கிளம்பிவிடும்.

"கடவுள்னா வலப்பக்கம்தான். இதுல என்ன சந்தேகம்?" என்றான்.

"அதெப்படி?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள், புது நாடகத்தின் தாய் வேடக்காரி. "வெள்ளத்தை அனுப்பி என் புள்ளையைக் கொண்டுபோனது யாரு?"

"அவர்தான். ஆனா கடைசியில ஒரு அனாதைக் குழந்தையைக் குடுக்கிறாரே?"

"அந்தக் குழந்தையை அனாதையாக்கினது யாரு?"

மாப்பிள்ளை, நாடகத்தை எழுதிய முதலாளியைப் பார்த்தான். அவர் அவசரமாகத் தன் செருப்பைப் பார்த்தார்.

"சரி, இடப்பக்கமே வரட்டும்" என்றான் மாப்பிள்ளை.

பல வருடமாகக் கடவுளாகவே நடித்து வந்த பெரியவர் கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "நான் இடப்பக்கமா வந்தா சம்பந்தி வீட்டுல என்னய்யா நினைப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர் போனவர்தான்.

முதலாளி அவனைத் தனியே அழைத்தார். "மாப்ளே, போன நாடகத்துல காடு எரியணும்னு சொன்னா, நிஜமாவே திரையைக் கொளுத்தினீங்க. இதுலயும் சொதப்பினா எங்கப்பாவோட கோழிப்பண்ணைக்கே போயிடுங்க."

கோழிகளைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். மாமனாரை?

"இந்தப் பக்கமும் வேணாம், அந்தப் பக்கமும் வேணாம் மச்சான். மேலேருந்து இறக்கிடலாம்!"

கூரையில் கயிறு கட்டி ஒரு பலகையைத் தொங்கவிட்டான். புதுக் கடவுளுக்காக அலைந்து திரிந்து, நல்ல உயரமான ஒரு தபால்காரரைப் பிடித்தான். "வசனமே கிடையாது சார். நேரா வந்து மேலே ஏறி உட்காருங்க. இடி இடிச்சதும் நாங்க இறக்குவோம்."

மறுநாள் மாலை, நாடகம் தொடங்கும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தான். பலகையிலிருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பாடா, கடவுள் வந்தாயிற்று! ஏணி மட்டும் முன்வரிசைக்குத் தெரியும் போலிருந்தது. எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் சாத்தினான்.

கடைசிக் காட்சி. மேடை நடுவில் தாய் முட்டி போட்டு அழுதாள். "சொல்லு! நீ நல்லவனா, கெட்டவனா?"

இடி முழங்கியது. கயிறு இறங்கியது. பாதியில் சிக்கிக்கொண்டது. மேல்திரைக்குக் கீழே முழங்கால் வரை மட்டும் தெரிய, கால்கள் உதைத்துக்கொண்டன. ஏதோ குரலும் கேட்டது.

"ஐயையோ, கடவுள் பேசுறார்! வசனமே இல்லையே!" என்று பதறிய மாப்பிள்ளை, இடிச் சத்தத்தை இன்னும் கூட்டச் சொன்னான்.

ரசிகர்கள் குழம்பிப்போனார்கள். கைதட்டுவதா, கூச்சல் போடுவதா?

"கோபமா இருக்காருப்பா."

"சும்மா இருய்யா. நமக்காகத் துடிக்கிறாரு."

பாதிப் பேர் கும்பிட்டார்கள். பாதிப் பேர், "என் கடையை ஏன்யா மூட வச்சே?" என்கிற ரீதியில் சொந்தக் கணக்கைத் தீர்க்கத் தொடங்கினார்கள். அப்போது மேலிருந்து ஒரு செருப்பு தாயின் மடியில் விழுந்தது. அவள் கைதேர்ந்த நடிகை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதுதான் உன் பதிலா?" என்று கதறினாள். கும்பிட்டவர்கள் திட்டினார்கள், திட்டியவர்கள் அழுதார்கள். கொட்டகையே அதிர்ந்தது. திரை விழுந்தது.

முதலாளி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "மாப்ளே! நல்லவர்னும் சொல்லல, கெட்டவர்னும் சொல்லல. என்னமா யோசிச்சிருக்கீங்க! கோழிப்பண்ணையை மறந்துடுங்க!"

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. வேலை தப்பியது, அது போதும். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்த மனிதரின் இரண்டு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"கடவுளே! என் வேலையைக் காப்பாத்திட்டீங்க!"

அவர் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். "யோவ், நான் பல்பு மாத்த வந்தவன்! ஏணி, ஏணின்னு அவ்வளவு நேரம் கத்துறேன், ஒருத்தன் காதுல விழல. கடவுளைத்தான் நான் உள்ளே வரும்போதே டிக்கெட் இல்லைன்னு வாசல்ல நிறுத்தி வச்சிருக்கீங்களே!"